ரோட்டில் பறந்தால் லாக்கப்! பந்தய தடத்தில் பறக்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

சென்னை வாலிபர்களுக்கு மோட்டார் சைக்கிள் வேகத்தின் மீது உள்ள மோகம் புதிது அல்ல. ராத்திரி நேரத்தில் மெரினா கடற்கரை சாலையிலும் கிழக்கு கடற்கரை சாலையிலும் சிலர் பைக்கில் சீறிப் பாய்வதும், போலீசார் விரட்டிப் பிடிப்பதும், மறுநாள் காலை பெற்றோர் போலீஸ் நிலைய வாசலில் தலை குனிந்து நிற்பதும் பல முறை பார்த்த காட்சிதான்.

இந்த வேக வெறிக்கு மாற்று வழியாகப் பேசப்படுவது "ட்ராக் டே". பந்தய தடத்தில் கட்டணம் கட்டி, சொந்த மோட்டார் சைக்கிளையே ஓட்டிப் பழகும் நாள் அது. போட்டி கிடையாது. பரிசும் கிடையாது. எதிரே லாரி வராது. குறுக்கே மாடு வராது. ஆனால் "காசு கட்டியாச்சு, முறுக்க வேண்டியதுதானே" என்று கிளம்பினால் வம்புதான்.

சோழவரத்தில் தொடங்கியது

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில் அந்தக் காலத்தில் பந்தயங்கள் நடந்தன. வெயிலையும் பாராமல் ஜனங்கள் திரண்டு போய் பார்த்தார்கள். பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கு என்றே தனி தடம் அமைக்கப்பட்டு, 1990-ல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 3.7 கிலோ மீட்டர். மொத்தம் 12 வளைவுகள்.

சட்டம் சொல்வது

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பொது ரோட்டில் பந்தயம் விட்டால் முதல் முறை 3 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் சிக்கினால் ஒரு வருடம் வரை ஜெயில், அபராதம் ரூ.10 ஆயிரம். 18 வயது ஆகாத பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ, வண்டியின் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை ஜெயிலும், ரூ.25 ஆயிரம் அபராதமும் உண்டு.

பைக்கை எப்படி தயார் செய்வது?

முதல் வேலை பிரேக். தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பலமாக பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். பிரேக் ஆயில் பழசாக இருந்தால், அதில் சேர்ந்துள்ள ஈரம் சூட்டில் கொதித்து ஆவியாகும். அப்புறம் லீவரை எவ்வளவு அழுத்தினாலும் பிரேக் பிடிக்காது. ஆகவே ஆயிலைப் புதுசாக மாற்றி, டிஸ்க் பேடு தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது டயர். ஓட ஓட சூடேறி, உள்ளே காற்றின் அழுத்தம் கூடும். அதனால் தடத்தில் இறங்கும் முன் காற்றைக் கொஞ்சம் குறைப்பார்கள். எவ்வளவு என்பதை அங்குள்ள பயிற்சியாளரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வீடு திரும்பும்போது பழைய அளவுக்குக் காற்று அடிக்க மறக்கக் கூடாது.

பக்கக் கண்ணாடிகளைக் கழற்றி விடுவார்கள். ஹெட்லைட், இன்டிகேட்டர் மீது டேப் ஒட்டுவார்கள். வண்டி விழுந்தால் உடைந்த துண்டுகள் தடத்தில் சிதறி, பின்னால் வருபவரை சாய்க்கக் கூடாது என்பதற்குத்தான். எங்காவது ஆயில் கசிந்தால் அந்த வண்டியை தடத்தில் இறக்கவே கூடாது. ஒரு வண்டியின் ஆயில் பத்து பேரை வழுக்கி விடும்.

ஆளுக்கு என்ன தேவை?

முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட், தோல் உடுப்பு, முதுகுக் கவசம், மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேலே வரும் பூட்ஸ். ஜீன்ஸ் பேண்ட் தார் ரோட்டில் உரசினால் நொடியில் கிழிந்து விடும். முந்தின ராத்திரி நல்ல தூக்கம் வேண்டும். மது கூடவே கூடாது. தோல் உடுப்புக்குள் உடம்பு வெந்து போகும் என்பதால் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும்.

கொடிகளின் அர்த்தத்தையும் மனப்பாடம் செய்து கொள்ள வேண்டும். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து. வேகத்தைக் குறைக்க வேண்டும், யாரையும் முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். மெதுவாகத் திரும்பி வர வேண்டும். நீலம் என்றால் பின்னால் வேகமான ஆள் வருகிறார். கட்டம் போட்ட கொடி என்றால் சுற்று முடிந்தது. முதல் சில சுற்றுகள் வளைவுகளைப் படிப்பதற்கு மட்டுமே. முன்னால் போகிறவனைப் பார்த்து ரோஷப்பட்டால், கதை ஆஸ்பத்திரியில் முடியும்.

இன்சூரன்ஸ் வருமா?

பலர் யோசிக்காத விஷயம் இது. சாதாரண வாகன இன்சூரன்சில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டவை. தடத்தில் வண்டி நொறுங்கினால் கம்பெனி பணம் தரும் என்று நம்பி இருக்க முடியாது. மாதத் தவணையில் வாங்கிய வண்டி என்றால், வண்டி போன பிறகும் கடன் மட்டும் நிற்கும். அதைக் கட்டுவது பெரும்பாலும் அப்பாதான்.

தடம் என்றால் ஆபத்தே இல்லை என்பதும் தப்பு. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசிய பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயது சிறுவன் விழுந்து உயிர் இழந்தான். அது போட்டி, ட்ராக் டே அல்ல. ஆனாலும் தார் ரோட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. தோல் உடுப்பு, பூட்ஸ், கட்டணம் எல்லாம் சேர்த்தால் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் பையனுக்கு எட்டாத தொகை. அவனுக்கும் வேக ஆசை இருக்கிறது. கடற்கரை ரோடுதான் காசு கேட்பதில்லை. வண்டியைப் பறிமுதல் செய்வது போலீசாரின் கடமை. ஆனால் உடுப்பை வாடகைக்குத் தந்து, குறைந்த கட்டணத்தில் சொல்லிக் கொடுக்க ஒரு வழி பிறந்தால், ராத்திரியில் விரட்ட வேண்டிய வண்டிகள் கொஞ்சமாவது குறையும்.

தடத்தில் நாள் முழுவதும் முறுக்கிய கை, மாலையில் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறியதும் அடங்க வேண்டும். அங்கே மஞ்சள் கொடி காட்ட ஆள் இல்லை.