முத்திரையில்லா விண்ணப்பங்கள்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வெளியூரார் ஒருவர் எழுந்து நின்று, தம் மகளின் குமர் காரியத்திற்கு உதவி கேட்கும் காட்சியை நம்மில் பலர் கண்டிருப்போம். அவர் கையில் அவரூர் ஜமாஅத்தின் முத்திரையிட்ட கடிதம் இருக்கும். முத்தவல்லியோ இமாமோ அதனைப் படித்த பின்னரே அவர் வாயிலில் துண்டு விரிப்பார். அவரை நாம் அறியோம். ஆயினும் அவரை அறிந்த ஓர் ஊர் சாட்சியாய் நின்றது. போலிக் கடிதங்களும் வந்ததுண்டு. எனினும் எழுதிய ஊரைக் கேட்டறிய வழி இருந்தது.

இன்று கைப்பேசியில் வரும் விண்ணப்பங்களுக்கு அம்முத்திரை இல்லை. குழாய் பொருத்திய குழந்தையின் படம், மருத்துவமனைச் செலவு மதிப்பீடு, 'இன்று மாலைக்குள்' என்னும் கெடு, கீழே ஒரு கியூஆர் கட்டம். அனுப்பியவர் நம் மாமா, நம் வகுப்புத் தோழர், நம் ஆசிரியர், ஆகவே நம்பிவிடுகிறோம். அவர்களோ வேறொரு குழுவில் கண்டதை அப்படியே அனுப்பியவர்கள்.

2023 பிப்ரவரியில் துருக்கியையும் சிரியாவையும் நிலநடுக்கம் உலுக்கிய சில நாள்களிலேயே, குழந்தையை ஏந்திய தீயணைப்பு வீரரின் படத்துடன் கிரிப்டோ நாணயமாக நன்கொடை கேட்கும் வேண்டுகோள் பரவியது. ட்விட்டர் பயனர்கள் உற்று நோக்கியபோது அவ்வீரரின் ஒரு கையில் ஆறு விரல்கள் இருந்தன. செயற்கை நுண்ணறிவு வரைந்த படம் அது. அன்று விரலை எண்ணிப் பொய்யைக் கண்டனர். இன்றைய படங்களில் விரல்கள் பெரும்பாலும் ஐந்தாகவே இருக்கின்றன.

இதை எழுதும் நானும் குற்றமற்றவன் அல்லேன். சில ஆண்டுகளுக்கு முன், இதய அறுவைக்குக் காத்திருப்பதாகச் சொல்லப்பட்ட குழந்தையொன்றின் படத்தைத் துறைக் குழுவில் பகிர்ந்தேன். என்னை நம்பி மாணவர்கள் நூறும் இருநூறுமாக அனுப்பினர். இரண்டு மாதம் கழித்து அதே குழந்தை வேறு பெயரில், வேறு ஊரில், வேறு நோயுடன் மற்றொரு குழுவில் வந்தது. இழந்த தொகை பெரிதன்று. ஆனால், பின்னர் எங்கள் மாணவர் ஒருவரின் தந்தைக்கு உண்மையாகவே சிறுநீரகச் சிகிச்சைக்குப் பணம் வேண்டியபோது அக்குழுவில் ஒருவரும் வாய்திறக்கவில்லை. அந்த மௌனத்திற்கு நானும் பொறுப்பாளி.

ஒரு விண்ணப்பத்தைப் பிறர்க்கு அனுப்புதல் சாட்சி சொல்லுதலே என்பது என் கருத்து. சாட்சி சொல்பவர் விசாரிக்கக் கடமைப்பட்டவர். விண்ணப்பத்தில் உள்ள எண்ணை விடுத்து, மருத்துவமனையின் எண்ணை நாமே தேடி அழைத்து, அப்பெயரில் நோயாளி உண்டா என்று கேட்கலாம். சொல்லத் தயங்குவார்களாயின் உள்ளூர் நண்பர் ஒருவரை நேரில் அனுப்பலாம். பணத்தை மருத்துவமனைக் கணக்கிலேயே செலுத்துவது நன்று. கியூஆர் கட்டத்தைப் படித்ததும் திரையில் தோன்றும் பெயரைக் காணாமல் இரகசிய எண்ணை இடுதல் கூடாது. அறக்கட்டளையின் பெயரால் கேட்டுவிட்டுத் தனியார் பெயர் தோன்றினால் அங்கேயே நிறுத்துக. அறக்கட்டளை 80ஜி பதிவு பெற்றதா என்பதை வருமானவரித் துறையின் இணையதளத்தில் காணலாம். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு ஒளித்து வைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்குந்தோறும் பணம் கைமாறிப் போகும்.

துன்பத்தில் இருப்பவரைத் துருவிக் கேட்பது மனத்தைப் புண்படுத்தாதா எனப் பெரியோர் சிலர் வினவுகின்றனர். கடிதத்துடன் வந்த அந்த வெளியூரார் நாம் கேட்கும் முன்னரே அதனை நீட்டினார். ரமளானில் இத்தகைய வேண்டுகோள்கள் பெருகும். அதற்கு முன்பே ஒவ்வொரு ஜமாஅத்தும் கல்லூரிக் குழுவும் விசாரிப்பதற்கென இருவரை நியமித்தல் வேண்டும். எங்கள் துறையில் அப்பணியை இரண்டு மாணவர்கள் ஏற்றுள்ளனர்.