ஹாட் பிளக் தீர்வாகாது

கெங்குவார்பட்டியை அடுத்த காட்ரோட்டிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சுமார் 300 மீட்டர் உயரத்தில் கிளம்பும் வண்டி 2,100 மீட்டரில் போய் நிற்கிறது. அதற்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பழைய அம்பாசடர், பத்மினி, பெட்ரோல் ஜீப் இவற்றுக்கு ஸ்பார்க் பிளக் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் நமக்கு இதைவிட நல்ல சோதனைக்களம் அமைவது அரிது.

அடிவாரத்தில் வெயில். வண்டி நிறைய ஆள், செகண்ட் கியர், முழு ஆக்சிலேட்டர். பிளக் முனையில் சூடு ஏறிக்கொண்டே போகும். மேலே போகப் போகக் காற்று மெலியும். கார்புரேட்டர் ஜெட் அதே அளவில் இருப்பதால் கலவை ரிச்சாகி, பிளக்கில் கரி படியத் தொடங்கும். பலரும் கவனிக்காமல் விடுவது இறக்கத்தைத்தான். ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல், கியரிலேயே வண்டியைப் பிடித்து இறங்கும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் கூடுகிறது. வால்வு கைடு தேய்ந்திருந்தால் அந்த வெற்றிடம் வழிநெடுக ஆயிலை உறிஞ்சிக்கொண்டே வரும். காட்ரோட்டுக்கு வந்து சமதளத்தில் மிதித்ததும் பின்னால் நீலப்புகை, ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங். பிளக்கைக் கழற்றினால் கறுத்து, எண்ணெய் சொட்டச் சொட்ட வரும்.

இந்த இடத்தில்தான் நம் பட்டறைகளில் ஒரு தவறு வழக்கமாகிவிட்டது. “பிளக் அடைக்குது, ஒரு நம்பர் ஹாட்டா போட்டுடு” என்கிறோம். இரண்டு வாரம் வண்டி நன்றாக ஓடும், வாடிக்கையாளரும் மகிழ்வார். அடுத்த முறை மலையேறும்போது கணக்கு தலைகீழாகும். பிளக் முனை சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் கரி தானாக எரிந்து விழும். 850 டிகிரியைத் தாண்டினாலோ தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். ஏற்றத்தில் அது நடந்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். சிறு செலவில் முடிந்திருக்கும் ஆயில் சீல் வேலையைத் தள்ளிப்போட்டு, இன்ஜினையே இறக்கவேண்டி வரும்.

நம்பர் விஷயத்திலும் குழப்பம் நிறைய. என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் கோல்ட்: பிபி5இஎஸ்-ஐவிட பிபி6இஎஸ் குளிர்ந்தது. இன்றைய பாஷில் நேர் எதிர், டபிள்யூ8-ஐவிட டபிள்யூ7 தான் குளிர்ந்தது. சாம்பியனிலும் எண் கூடினால் ஹாட். பழைய மைக்கோ பெட்டிகளில் 175, 225 என்று இருப்பது இன்னொரு முறை. அதில் பெரிய எண் கோல்ட். கடைக்காரர் “இதுக்குப் பதில் அது” என்று எடுத்துக் கொடுத்தால், ஒப்பீட்டு அட்டவணையைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ரீச் அளவும் அப்படித்தான். அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினுக்கு 19 மி.மீ. நீளத் திருகு, 0.025 அங்குல கேப். வில்லிஸ் வகை ஜீப்புக்கு 9.5 மி.மீ. திருகு, 0.030 கேப். இரண்டும் 14 மி.மீ. விட்டம் என்பதால் மாற்றிப் போட்டாலும் கைக்கு இறுகும். குட்டையானதைப் போட்டால் ஹெட்டின் மீதித் திருகில் கரி இறுகும். நெட்டையானது உள்ளே நீட்டி, வால்விலோ பிஸ்டனிலோ இடிக்கலாம்.

இப்போது பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலையும் கணக்கில் எடுங்கள். வெறும் பெட்ரோலுக்கு அமைத்த ஜெட்டில் அது கலவையை லீனாக்கும். பிளக் வெள்ளையாக வெளுத்து வந்தால் உடனே கோல்ட் பிளக் தேடவேண்டாம். முதலில் ஜெட்டையும் டைமிங்கையும் பாருங்கள்.

பாயிண்ட் வைத்த வண்டிகளுக்கு இரிடியம் தேவையில்லை என்பதே நம் கருத்து. செப்பு உட்கருவுள்ள சாதாரண நிக்கல் பிளக், நம்பிக்கையான டீலரிடம் வாங்கியது, போதும். போலிகள் சந்தையில் ஏராளம். வாஷர் தானாகக் கழன்று வந்தாலோ, நடு எலக்ட்ரோடு ஒருபக்கம் சாய்ந்திருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நிறம் பார்ப்பதை ஐடிலிங்கில் ஓடிய வண்டியில் செய்து பயனில்லை. ஏற்றத்தில், வளைவு இல்லாத அகலமான இடத்தில், பின்னால் வண்டி வராதபோது, மிதித்த நிலையிலேயே இக்னிஷனை அணைத்து கிளட்சை மிதியுங்கள். ஏற்றம் என்பதால் வண்டி தானே நிற்கும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, சூடு ஆறியபின் கழற்றுங்கள். பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் அந்த எண்ணே சரி.

கொடைக்கானல் சீசன் ஏப்ரலில் தொடங்கிவிடும். எண்ணெயில் நனைந்த பிளக்கோடு வரும் வண்டிக்கு, அதற்குள் வால்வு கைடையும் சீலையும் பார்த்துவிடுங்கள். பிளக் எண்ணை அதன் பிறகு முடிவு செய்யலாம்.