தீ அணைந்தது, நஞ்சு அணைந்ததா?

கடையோ தொழிற்சாலையோ எரிந்தால், மறுநாள் நாளிதழ்கள் இழப்பை உருபாவில் கணக்கிட்டு எழுதும். சரக்கின் விலை, கட்டடத்தின் விலை, காப்பீட்டுத் தொகை என்பவற்றோடு அக்கணக்கு முடிந்துவிடும். காற்றுக்கும் மண்ணுக்கும் ஆற்றுக்கும் நேர்ந்த இழப்பைக் கணக்கில் எழுதுவார் எவர்?

மதுரை மக்களுக்குத் தீ புதியதன்று. 2018 பிப்பிரவரி 2 இரவு, மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபக் கடைகளில் மூண்ட தீ, நூற்றாண்டுகளாய் நின்ற கற்றூண்களையே சிதைத்தது. 2020 தீபாவளியன்று நவபத்கானா தெருவில் துணிக்கடைத் தீயை அணைக்கச் சென்ற வீரர் இருவர், கட்டடம் இடிந்து மாண்டனர். கல்லின் சிதைவையும் உயிரின் இழப்பையும் கண்டோம். புகையோடு பரவியதையும் நீரோடு ஓடியதையும் எண்ணிப் பார்த்தோமா?

முன்னாளிற் கடைகளில் எரிந்தவை பருத்தியும் மரமும் ஓலையும். இன்று எரிபவையோ நைலான், பாலியெசுத்தர், நுரைமெத்தை, நெகிழிப் பை, மின்கம்பியின் பிவிசி உறை! நைலான் எரிந்தால் சயனைடு வளி பிறக்கும். பிவிசி எரிந்தால் மூச்சுக்குழலை அரிக்கும் காடி வளியும் டையாக்சின் என்னும் நஞ்சும் பிறக்கும். டையாக்சின் எளிதில் அழியாது. மண்ணிலும் புல்லிலும் படிந்து, ஆவின் பால் வழியே குழந்தையின் உடலைச் சேரும்.

நீரின் கேடு இன்னும் பெரிது. 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரருகே சாண்டோசு நிறுவனத்தின் வேதிப்பொருட் கிடங்கு எரிந்தது. அணைக்க இறைத்த நீர் பூச்சிக்கொல்லிகளைக் கரைத்துக்கொண்டு இரைன் ஆற்றிற் பாய்ந்தது. ஆறு செந்நிறமாயிற்று, விலாங்கு மீன்கள் பெருந்திரளாய் மடிந்தன. ஆற்றைக் கொன்றது தீயன்று, தீயணைத்த நீரே! அதன் பின்னரே அந்நீரைத் தேக்கும் தொட்டிகளை அங்கே அமைத்தனர்.

நம் நிலை என்ன? மதுரையின் கழிவுநீர் இன்றும் வைகையிலும் கிருதுமாலிலும் கலக்கின்றது. கப்பலூர்த் தொழிற்பேட்டையிலோ மாசி வீதியிலோ ஒரு கிடங்கு எரிந்தால், அந்த நஞ்சுநீர் வேறெங்கே போகும்? வயலுக்கும் கண்மாய்க்குந்தானே!

எனவே, ஒவ்வொரு கிடங்கும் தன் சரக்குப் பட்டியலைத் தீயணைப்பு நிலையத்திற் கொடுத்தல் வேண்டும். பெருங்கிடங்குகளில் தீயணைத்த நீரைத் தேக்கத் தனித்தொட்டி வேண்டும். எரிந்த சாம்பலைக் கண்மாய்க் கரையிற் கொட்டுதல் கூடாது. நெருக்கமான தெருக்களில் கடைக்கு மேலேயே கிடங்கு வைப்பதை மாநகராட்சி தடுத்தல் வேண்டும்.

இவற்றுக்குச் செலவாகும் என்பர் வணிகர். ஆகும், உண்மையே. ஆனால், அச்செலவை இன்று வேறொருவன் செலுத்திக்கொண்டிருக்கின்றான். அவ்வணிகத்தில் ஒரு காசும் ஈட்டாமல், அந்தக் காற்றை மூச்சாக இழுத்து, அந்த நீரை வயலுக்குப் பாய்ச்சும் ஏழைத் தமிழனே அவன்!