மயங்கி விழாதவனுக்கும் மூளை காயப்படும்

2020 டிசம்பர் 4, கான்பெரா. ஸ்டார்க்கின் பந்து ஜடேஜாவின் தலைக்கவசத்தைத் தாக்கியது. மாற்றாக இறங்கிய சாஹல் 3 விக்கெட் வீழ்த்தினார். தந்திரமா, விதியா என்றே வாதிட்டோம். மூளையைப் பற்றி எவரும் பேசவில்லை.

முதலமடையின் செவன்ஸ் களங்களிலும் முகத்தில் தண்ணீர் தெளித்து, "ஒன்றுமில்லை, எழுந்து ஆடு" என்கிறோம். மொழியியல் பயின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிழை பெயரிலேயே தொடங்குகிறது. 'மூளை அதிர்ச்சி' என்பது கணநேரத் திகைப்பாக ஒலிக்கிறது. உண்மையில் அது ஒரு காயம். நினைவு தப்பாமலும் நேரும். வழக்கமான ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. அறிகுறிகள் மணிக்கணக்கில் தாமதிக்கலாம். ஆகவே ஐயம் எழுந்தாலே அன்றைய ஆட்டம் முடிந்தது. ஓரிரு நாள் ஓய்வு, படிப்படியான பயிற்சி, மருத்துவரின் ஒப்புதல்; அதன்பின்னரே களம். ஆறாத மூளையில் விழும் இரண்டாம் அடி உயிரையும் பறிக்கக்கூடும். அதை வீரமென்று கைதட்டுவோர் யாவரும் அதற்குப் பொறுப்பாளிகளே.