கிட்டங்கிச் சீட்டு யார் பெயரில்?

ஈரோட்டு மஞ்சள் விவசாயிக்குக் கிட்டங்கி புதிதல்ல. வேகவைத்து, காயவைத்து, பாலீஷ் போட்டு, விரலி வேறு கிழங்கு வேறாகப் பிரித்த மூட்டைகளை லாரியில் ஏற்றிவிட்டு விலைக்காகக் காத்திருப்பது அவர் தகப்பனார் காலத்து வழக்கம்தான். புதிதாக வந்திருப்பவை கருவிகள். பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றி இறக்கிச் சேமித்துத் தருவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களிடம் இன்று மின்னணு எடைமேடை, ஈரப்பதம் காட்டும் கருவி, கம்ப்யூட்டர் கணக்கு, லாரி எங்கே நிற்கிறது என்று சொல்லும் ஜி.பி.எஸ். எல்லாம் உண்டு. இவற்றின் செலவு வாடகையோடு வாடகையாக விவசாயியின் தலையில்தான் விழும். அப்படியானால் இவற்றால் அவருக்குக் கிடைப்பது என்ன?

கிடைக்க வேண்டியது ஒரு சீட்டு. 2007ஆம் ஆண்டின் கிடங்குச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆணையத்தில் பதிவு பெற்ற கிடங்குகள், வைத்த சரக்கின் எடையும் தரமும் குறித்த ரசீதை வழங்குகின்றன. 2017 முதல் இந்த ரசீது மின்னணு முறையில் வருகிறது. கம்பெனிப் பங்குகளைப் போல இதுவும் வைத்தவர் பெயரில் கணக்கில் நிற்கும். மூட்டையை அசைக்காமல் ரசீதை மட்டும் அடகு வைத்து வங்கியில் கடன் பெறலாம், சரக்கையும் விற்கலாம். அடகு கணக்கிலேயே பதிவாவதால், காகிதச் சீட்டில் நடந்ததைப் போல ஒரே சரக்கை இரண்டு இடத்தில் அடகு வைக்க வழியில்லை. வங்கிகள் விரும்புவது இதனால்தான்.

ஆனால் நடைமுறையில் சிறு விவசாயி என்ன செய்கிறார்? பத்து மூட்டையைத் தனியாகக் கொண்டுபோனால் லாரி வாடகை கட்டாது. ஆகவே மண்டிக்காரரின் சரக்கோடு சேர்த்து அனுப்புகிறார். இருப்பு மண்டிக்காரர் பெயரில் ஏறுகிறது. விவசாயியின் கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு. எத்தனை துல்லியமான எடைமேடை இருந்தும் என்ன பயன்? அந்த எடை வேறொருவர் கணக்கில் அல்லவா நிற்கிறது! மண்டிக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவசரத்துக்கு முன்பணம் தருகிறவர் அவர்தான். அந்த முன்பணத்துக்கு ஈடாகச் சரக்கின் பேரே மாறிவிடுகிறது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

ரசீது இருந்தால் விலை ஏறிவிடும் என்று எண்ணுவதும் தவறு. 2010இல் குவிண்டாலுக்குப் பதினைந்தாயிரம் ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012இல் ஐயாயிரத்துக்கும் கீழே போனதை ஈரோடு மறந்திருக்காது. காத்திருந்தவர்களுக்கு வாடகையும் வட்டியும்தான் ஏறின. விலை சரிந்தால் வங்கியும் சும்மா இராது. கூடுதல் பணம் கட்டு, அல்லது விற்று அடை என்று கேட்கும். முழு விளைச்சலையும் கிட்டங்கியில் போடாமல், கைச்செலவுக்குத் தேவையானதை அறுவடையிலேயே விற்றுவிட்டு மீதியை வைப்பது மேல்.

மூட்டை குறைவு என்ற தடையை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தீர்க்கலாம். பத்துப் பேர் சரக்கு ஒரே லாரியில் போனாலும் ரசீது அவரவர் பெயரில் பிரிந்து வரவேண்டும் என்று உறுப்பினர்கள் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் பெயரில் மொத்தமாக ஏறினால், மண்டிக்குப் பதில் இன்னொரு மண்டி வந்ததாகவே ஆகும்.

இவ்வாண்டு மூட்டை ஏற்றுமுன் கிடங்கு பதிவு பெற்றதுதானா என்று கேட்டுக்கொள்வது நல்லது. தராசில் அவ்வாண்டு முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ரசீதுக் கணக்கில் கொடுக்கும் தொலைபேசி எண் விவசாயியின் சொந்த எண்ணாக இருக்கட்டும். எண் இல்லை என்று மண்டிக் கணக்குப்பிள்ளையின் எண்ணைக் கொடுத்துவிட்டால், சரக்கு கைமாறும்போது செய்தி அவருக்குத்தான் போகும்.