கோவிலுக்கு என்ன உடுத்திக்கொண்டு போவது?



கொஞ்ச நாளாக நம் ஊர்க் கோவில்களில் பூசை முடிந்து வெளியே வந்ததும் ஒரே பேச்சு. வாசலில் பலகை வைக்க வேண்டுமாம். ஜீன்ஸ் கூடாது, கையில்லாத ரவிக்கை கூடாது, அரைக்கால் சட்டை கூடாது என்று எழுதிப் போட வேண்டுமாம். இதைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். நாற்பது ஐம்பது வருடங்களாக ஞாயிறு தவறாமல் பூசை காண்கிறவர்கள். அவர்கள் மனம் நோகக் கூடாது என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் பலகை வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். அதற்கான காரணங்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். உடுப்புக்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்பவன் நான் அல்ல. ஞாயிற்றுக்கிழமை சட்டையை சனிக்கிழமை இரவே இஸ்திரி போட்டு மாட்டி வைப்பவன். புதுநன்மைக்கு வெள்ளை உடுத்திய பிள்ளை அன்று நடக்கும் நடையே வேறு. கல்யாணத்துக்கும் திருநாளுக்கும் பெட்டியிலிருந்து எடுத்த பட்டைக் கட்டிக்கொண்டு தேருக்குப் பின்னால் போகிற பெண்களின் முகத்தில் ஒரு நிமிர்வு இருக்கும். அது வெறும் அலங்காரம் இல்லை. “நானும் ஒருத்தி, என்னையும் ஆண்டவர் பார்க்கிறார்” என்ற நினைப்பு. என் கேள்வியெல்லாம் அந்த நிமிர்வு எங்கிருந்து வந்தது என்பதுதான். துணியிலிருந்து வந்ததா, இல்லை வேறெங்கிருந்தாவது வந்து துணியில் தெரிந்ததா?

இந்தச் சண்டை நமக்குப் புதிதல்ல. புதுச்சேரியில் கிறிஸ்தவர்கள் என்ன உடுத்தலாம், என்ன பூசலாம் என்ற வழக்கு முந்நூறு வருடத்துக்கு மேல் பழையது. தத்துவ போதகர் என்று நாம் சொல்கிற ராபர்ட் தே நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்து, காவி கட்டி, குடுமி வைத்து, துறவியைப் போல வாழ்ந்தார். கிறிஸ்தவன் ஆவதற்காகத் தமிழன் தன் கோலத்தை விட வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. குடுமி, பூணூல், சந்தனம் எல்லாம் இருக்கலாம் என்று 1623-இல் ரோமாபுரியே அனுமதி கொடுத்தது. பிறகு காற்று மாறியது. 1703-இல் பாப்பரசரின் தூதராகத் தூர்னோன் என்பவர் நம் புதுச்சேரியில் வந்து இறங்கினார். மறு வருடமே பல பழக்கங்களைத் தடை செய்தார். திருநீறு கூடாது, தாலியில் அந்த உருவம் கூடாது, கல்யாணத்தில் இந்தச் சடங்கு கூடாது என்று பட்டியல் போட்டார். அந்த வழக்கு நாற்பது வருடம் இழுத்து 1744-இல்தான் கடைசித் தீர்ப்பு வந்தது.

மறு வருடம், 1745 அக்டோபரில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் கிறிஸ்தவர் அல்லர். வெளியே நின்று பார்த்தவர் என்பதால் அவர் எழுத்துக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. அப்போது சம்பா கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். எல்லோரும் ஆண்டவரின் பிள்ளைகள் என்றால் இந்தச் சுவர் எதற்கு என்று ஒடுக்கப்பட்டவர்கள் போய்க் கேட்டார்கள். சாமியார் சுவரைத் தள்ளிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. பெரிய துபாஷ் கனகராய முதலியாரின் உறவுக்காரப் பெண் ஒருத்தி உடம்பு நிறைய நகையும், மெல்லிய சல்லாத் துணியும், வாசனைப் பூச்சுமாகப் பூசைக்கு வந்திருந்தாள். சாமியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் அவளை ஏசி, எழுந்து போகச் சொல்லிவிட்டார். இனிப் பெண்கள் இப்படி உடுத்தி வரக்கூடாது என்றும் உத்தரவு போட்டார். சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டம் கூடி எதிர்த்தார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அதே சாமியார் சுவரை உடைத்தபோது நான் அவர் பக்கம். அந்தப் பெண்ணை எல்லார் முன்னாலும் ஏசியபோது அவர் பக்கம் இல்லை. சுவரைத் தள்ளியதால் தலை குனிந்து வந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். அந்தப் பெண்ணை ஏசியதால் யார் நிமிர்ந்தார்கள்? ஒருத்தி அவமானப்பட்டதுதான் மிச்சம். பிள்ளையவர்கள் நாட்குறிப்பால் இருநூற்றெண்பது வருடம் கழித்தும் அந்த அவமானம் நம் கண்ணில் படுகிறது.

உடுப்பே விடுதலையாக இருந்த கதையும் உண்டு. தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சாதிக் கட்டுப்பாடு. கிறிஸ்தவர்களான பெண்களுக்கு மிஷன் அம்மாமார் குப்பாயம் தைக்கக் கற்றுக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களின் துணியைக் கிழித்தார்கள், அடித்தார்கள். 1820-களில் தொடங்கிய கலவரம் 1859 வரை நீண்டது. அந்த வருடம் மதராஸ் கவர்னர் நெருக்கியதால் மகாராஜா பிரகடனம் வெளியிட்டு, நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்றார். அதிலும் ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது! இரண்டு முழத் துணிக்கு இத்தனை அடிதடியா என்று தோன்றும். சண்டை துணிக்காக நடக்கவில்லை. “என் உடம்பு என்னுடையது, அதைப் படைத்தவர் முன்னால் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை” என்று அந்தப் பெண்கள் மனதுக்குள் முதலில் நம்பியிருந்தார்கள். குப்பாயம் அதற்குப் பிறகுதான் வந்தது. நம்பிக்கை இல்லாமல் ஒருத்திக்குக் குப்பாயம் தைத்துக் கொடுத்திருந்தால், முதல் அடியிலேயே கழற்றியிருப்பாள்.

நம் ஊரிலும் ஒரு செருப்பு வழக்கு உண்டு. 1873-இல் வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியக் காலணி போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார் என்று அவரை வெளியேற்றினார்கள். தமிழ் உடுப்புப் போட்டவன் அந்தக் காலணி போடக் கூடாதாம். அவர் பாரீஸ் வரை வழக்காடி ஜெயித்தார். பிறகு 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை வந்தபோது, சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு உட்படுகிறவர்களுக்கு முன் நின்றார். தமக்கு லாப்போர்த் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார். வாசல் என்று அதற்கு அர்த்தம். அப்படித் துறந்தவர்களில் நிறையப் பேர் கிறிஸ்தவர்கள், அதிலும் ஒடுக்கப்பட்ட குலத்தவர்கள். பெயரைக் கேட்டாலே சாதி தெரிந்த ஊரில், கேட்டால் தெரியாத ஒரு பெயர் அவர்களுக்குக் கிடைத்தது. எந்தக் கோட்டும் தொப்பியும் தராத தைரியத்தை அந்தப் பெயர் தந்தது.

பெயர் என்றதும் என் உத்தியோக காலம் ஞாபகம் வருகிறது. குமாஸ்தாவாக இருந்த வருடங்களில் சாதிச் சான்றிதழுக்கு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, விண்ணப்பத்தில் எழுதும் பெயர் ஒன்று. 1950-ஆம் வருட ஆணைப்படி கிறிஸ்தவராகிவிட்டால் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. பின்னால் 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை. அதனால் பிள்ளையின் படிப்புக்காக, வேலைக்காக, கோவிலில் ஒரு பெயரும் மேசைக்கு முன்னால் இன்னொரு பெயருமாக வாழ்ந்தவர்கள் உண்டு. கழுத்துச் சங்கிலியில் இருக்கும் குருசைச் சட்டைக்குள் தள்ளி, மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்தப் பொத்தானைப் போடுகிற கையைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதே மனிதர் அதே குருசை வெளியே தெரியப் போட்டுக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நிற்பார். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவர் முழு ஆளாக நிற்கிற நேரம். அங்கேயும் வாசலில் ஒரு பலகை வைத்து, “நீ இன்னும் சரியில்லை” என்று சொல்லலாமா?

ஒருவனுக்குத் தன்மேல் மதிப்பு வருவது அவனை மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று எனக்குத் தோன்றும். பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த மொழியில் ‘வூ’ என்றால் மரியாதை, ‘த்யு’ என்றால் ஒருமை. தெருவில் “டேய்” என்று மட்டுமே கேட்டு வளர்ந்த பையன்களை ஆசிரியர் ‘வூ’ போட்டு அழைத்தால், அவர்கள் முதுகு தானாக நிமிரும். ஜெபத்திலும் இந்தக் கதை உண்டு. பரலோக மந்திரத்தைப் பிரெஞ்சில் ‘வூ’ என்று சொல்லி வந்தவர்கள் 1966 முதல் ‘த்யு’ என்று சொல்கிறார்கள். தமிழில் நாம் ‘நீர்’, ‘உம்’ என்கிறோம். மரியாதையும் நெருக்கமும் கலந்த சொல் அது. ஊரில் பெரியவர் முன்னால் வாய் திறக்க முடியாத ஒருவர், கடவுளிடம் நேரே “நீர்” என்று பேசுகிறார், நடுவில் ஆள் வைக்காமல் பேசுகிறார். கிறிஸ்தவம் நம் ஆட்களுக்குக் கொடுத்த தன்னம்பிக்கை அங்கேதான் இருக்கிறது. வெள்ளைச் சட்டையும் பட்டுப் புடவையும் அதற்குப் பின்னால் வந்தவை.

இனி எதிர்க்கட்சியின் வாதத்துக்கு வருகிறேன். “கலெக்டரைப் பார்க்கப் போனால் நல்ல சட்டை போடுகிறாய், கடவுளைப் பார்க்கப் போகும்போது மட்டும் அரைக்கால் சட்டையா?” என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். என் பேரன் கேட்டால் நானும் அவனிடம் அப்படித்தான் சொல்வேன். ஆனால் வீட்டில் தாத்தா பேரனுக்குச் சொல்வது வேறு, கோவில் வாசலில் பலகை சொல்வது வேறு. தாத்தாவுக்கு அந்தப் பையனின் பெயர் தெரியும். பலகைக்கு யாரையும் தெரியாது. இரவு வேலை முடித்து கம்பெனி உடுப்போடு நேரே பூசைக்கு வருகிறவனையும், கடற்கரைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பவனையும் அது ஒன்றாகத்தான் பார்க்கும்.

“வழக்கம் என்று ஒன்று வேண்டாமா?” என்கிறார்கள். வழக்கங்களும் மாறித்தான் வந்திருக்கின்றன. கோவிலில் பெண்கள் தலையில் முக்காடு போட வேண்டும் என்பது 1917-ஆம் வருடத்துத் திருச்சபைச் சட்டத்தில் எழுதியே இருந்தது. 1983-இல் வந்த புதுச் சட்டத்தில் அது இல்லை. நம் அம்மாமார் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள், பேத்திகள் போடுவதில்லை. அதனால் பீடம் இடிந்து விழுந்துவிடவில்லை. பிரியப்பட்டுப் போடுகிறவர்கள் இன்றைக்கும் போடுகிறார்கள், அதுவும் அழகுதான்.

எனக்குப் பயம் ஜீன்ஸ் போட்ட பிள்ளைகளைப் பற்றி அல்ல. அவர்கள் பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேறு கோவிலுக்குப் போவார்கள். என் கவலை கடைசி பெஞ்சுக்காரர்களைப் பற்றி. திருநாள் வந்தால் “நல்ல புடவை இல்லை” என்று பூசைக்கு வராமலே இருந்துவிடுகிற பெண்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். தேரோட்டத்தை வீட்டு வாசலில் நின்றே பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். பலகை வைத்தால் அவர்கள்தான் முதலில் படிப்பார்கள், தங்களுக்குத்தான் எழுதியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். யாக்கோபு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தங்க மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் அழுக்குத் துணிக்காரனுக்குக் கால்மாட்டில் இடமும் கொடுப்பதைப் பற்றி அவர் எவ்வளவு கோபமாக எழுதியிருக்கிறார் என்று தெரியும்.

அதனால் நான் எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். என் உடுப்பு என் பக்கத்தில் இருப்பவரைத் தள்ளி உட்கார வைத்தால் அது சரியில்லை, எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் சரி. தயங்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் சரி. இந்தக் கணக்கில் கிழிந்த ஜீன்ஸும் தேறலாம், எட்டுப் பவுன் சங்கிலி தோற்கலாம்.

பங்குச் சாமியார்களுக்கும் சபைப் பெரியவர்களுக்கும் என் விண்ணப்பம் இதுதான். பலகைக்குச் செலவழிக்க நினைக்கிற காசை வேறு எதற்காவது வையுங்கள். பெரியவர்களாகிய நாம் ஞாயிறு பூசைக்கு ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் வாசலில் நிற்போம். வருகிறவர்களின் துணியைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லி, “வாம்மா, முன்னால போய் உட்காரு” என்று சொல்வோம். முன் பெஞ்சில் நமக்கென்று இருக்கிற இடத்தை மாதத்தில் ஒரு ஞாயிறாவது விட்டுக்கொடுத்துவிட்டு, கடைசியில் போய் உட்காருவோம். அங்கிருந்து பூசை எப்படித் தெரிகிறது, பிரசங்கம் எவ்வளவு காதில் விழுகிறது என்று நாமும் தெரிந்துகொள்ளலாம்.