நகல் உண்டு, மீட்சி உண்டா?

கூட்டுறவுச் சங்கத்தின் முதற்பொருள் அங்கத்தினரின் நம்பிக்கை. அந்நம்பிக்கைக்குச் சாட்சி, கணக்கு. முன்பு பேரேட்டில் இருந்த கணக்கு இன்று கணினிக்குச் சென்றுவிட்டது. 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க, 2,516 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29-இல் ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் கூலியும் நூல் இருப்பும் கணினியில் பதிவாகின்றன. இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. ஆயினும், அக்கணினி ஒரு நாள் அழிந்துபோனால் நம் கதி என்ன?

இக்கேள்வி வீண் அச்சத்தால் எழுந்ததன்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலை நம் மாவட்டத்தார் மறக்க இயலுமா? ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பகுதிகளில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து ஊர்கள் பல நாட்கள் இருளில் மூழ்கின. அத்தகைய வேளையில்தான் உழவருக்குத் தம் கடன் நிலுவையும் வைப்புத் தொகையும் உடனே தெரிய வேண்டும்.

“காப்பு நகல் எடுத்து வைத்திருக்கிறோம்” என்ற விடை எல்லாச் சங்கங்களிலும் கிடைக்கிறது. நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில், அந்நகலை வேறொரு கணினியில் ஏற்றிக் காட்டுமாறு கேட்டோம். கணினி தொடங்கவே மறுத்தது. நகலில் பழுதில்லை, இயந்திரம்தான் வேறு.

காரணம் எளிது. வட்டு முழுவதையும் அப்படியே நகலெடுக்கையில், கணக்கோடு அந்த இயந்திரத்தின் பாகங்களை இயக்கும் ‘டிரைவர்’ நிரல்களும் சேர்ந்தே வருகின்றன. புதிய இயந்திரத்தின் பாகங்கள் வேறு வகையாயின் பழைய நிரல்கள் அவற்றை அறியா. அகலத் தறிக்கென ஓட்டிய பாவை, அகலம் குறைந்த தறியில் அப்படியே ஏற்றி நெய்ய முடியாதென்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பாவு நல்லதுதான், தறிதான் பொருந்தவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய அதே மாதிரி சர்வர், விபத்துக்குப் பின் கடையில் கிடைக்குமென்று எதிர்பார்ப்பதும் பேதைமை.

ஆகவே நிர்வாகிகள் செய்யத்தக்கவை சில. வட்டு நகலோடு, கணக்குத் தரவுகளைத் தனியாகவும் நகலெடுக்க வேண்டும். மென்பொருளின் அதே பதிப்பும், உரிமக் குறியீடும், கடவுச்சொல்லும் பாதுகாப்பாக இருத்தல் வேண்டும். ஒரு நகலேனும் சங்கக் கட்டிடத்துக்கு வெளியே, வேற்றூரில் இருப்பது நன்று. அனைத்தினும் முக்கியமாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்நகலை வேறு வகைக் கணினியில் ஏற்றி, அங்கத்தினர் எண்ணிக்கையும் பங்குத் தொகையும் ரொக்க இருப்பும் ஒத்திருக்கின்றனவா எனச் சரிபார்த்து, ஆன நேரத்தையும் நடவடிக்கைப் புத்தகத்தில் குறிக்க வேண்டும்.

“எங்கள் கணக்கு வெளியூர்ச் சர்வரில் பத்திரமாக உள்ளது, எங்களுக்கு என்ன கவலை?” என்போரும் உளர். 2025 செப்டம்பர் 26-இல் தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தகவல் மையத்தில் தீப்பற்றியது. 858 டெராபைட் கோப்புகள் கொண்ட அரசு ஊழியர் களஞ்சியம், வெளியே நகல் இல்லாமையால் அழிந்தது. தொழில்நுட்பத்தில் முன்னணி நாட்டுக்கே இக்கதி நேர்ந்ததெனில், நாம் கேள்வி கேளாமல் இருப்பது தகாது. நகல் எங்கே, யார் பொறுப்பு, கடைசியாக என்று மீட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்பது அங்கத்தினரின் உரிமை.

இதற்குச் செலவாகும் என்பர். பழைய கணினி ஒன்றும், ஊழியர் ஒருவரின் ஒரு நாள் உழைப்பும் பெரும்பாலான சிறு சங்கங்களுக்குப் போதும். விதைநெல்லை முளைப்புப் பாராமல் வயலில் இறைக்கும் உழவர் இல்லை. காப்பு நகலையும் சோதித்துப் பாராமல் நம்பலாகாது. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இக்கேள்வியை எழுப்புமாறு அங்கத்தினரை வேண்டுகிறோம்.